ரொட்டி தின்ற பூதமும் இரண்டாவது சண்டையும்

விதி விளக்கப் பகுதியின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். என் இடது முழங்கால் நலமில்லை; அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். தாங்களும், தங்கள் விதிநூலை எழுதிய அந்த நால்வரும் நலமாகவே இருப்பீர்கள். முன்னூற்று இருபது பக்கத்துக்குப் புத்தகம் போட்டு, அதில் ஒரு சண்டை எங்கே முடிகிறது என்று ஒரே ஒரு வரி எழுதாமல் விட்டவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? அப்படிப்பட்டவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ரத்த அழுத்தம் இல்லாமல் சௌக்கியமாக இருந்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தீ விபத்துக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இழப்பீட்டு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்காவது தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி கிளம்பிய பிறகு, கையில் அட்டையும் காலில் ரப்பர் பூட்ஸுமாகப் போய் நிற்பேன். எரிந்தது எது, எரிந்ததாகச் சொல்வது எது என்று பிரிப்பது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் படிக்க ஒன்றுமில்லாமல், சலவை இயந்திரத்தின் உத்தரவாதத் தாளை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் மகளுக்குப் போன் போட்டு, "உங்க அப்பாவை வாரத்துல ஒரு நாளாவது நீ வாங்கிக்கோ" என்றாள். அப்படித்தான் ஞாயிறு மதியங்களில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தங்கள் விளையாட்டில் போய் விழுந்தேன்.

தங்கள் விளையாட்டு தங்களுக்குத் தெரியும். வெளியில் நின்று பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரிகிறது என்று தெரியாது, ஆகையால் சொல்கிறேன். நான்கு பெரியவர்கள் சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருகிறார்கள். ஒருவர் அட்டைத் தடுப்பு ஒன்றை நிறுத்திக்கொண்டு அதன் பின்னால் ரகசியமாக எதையோ படித்து, "நீங்க ஒரு குகைக்குள்ள நுழையறீங்க" என்கிறார். அவர்தான் நடுவர். குகை இல்லை, பூதம் இல்லை, கோடாலி இல்லை. எல்லாம் அவர் சொல்வதும், நாங்கள் தலையாட்டுவதும், இருபது முகம் கொண்ட ஒரு பகடை உருள்வதும்தான். பகடையில் பெரிய எண் விழுந்தால் அடி விழுந்தது, சின்ன எண் விழுந்தால் அடி காற்றில் போனது. அடி விழுந்தால் இன்னொரு பகடை உருட்டி உயிர்ப்புள்ளியைக் கழிக்க வேண்டும். புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. இதற்கா முன்னூற்று இருபது பக்கம் என்று முதல் நாள் நினைத்தேன். பிறகு வீட்டுக்கு எடுத்துவந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். மேசையில் அதை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான். எழுதிய நால்வரில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மாயப் பொருள்கள் எப்போது திரும்பச் சக்தி பெறும் என்பதற்கு எண்பத்தெட்டாம் பக்கம் பார்க்கவும் என்று போட்டிருக்கிறீர்கள். எண்பத்தெட்டில் நடுவரைக் கேட்கவும் என்று போட்டிருக்கிறீர்கள். நடுவரைக் கேட்டால் அவர் இருநூற்றுப் பன்னிரண்டைப் பாருங்கள் என்கிறார். குணமாக்கும் குப்பியை எடுத்துக் குடிக்க ஒரு சுற்று, அதாவது எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை அடிக்கிற நேரம், ஆகும் என்கிறீர்கள். பையிலிருந்து எடுக்க நேரமே ஆகாது என்கிறீர்கள். மூடியைத் திருக எவ்வளவு நேரம் என்று யாராவது யோசித்தீர்களா? எவ்வளவு போட்டாலும் நிறையாத பை என்று ஒன்று. எங்களோடு விளையாடுபவர் ஒரு லிப்ட் மெக்கானிக், ஆறடி ஆள், விளையாட்டில் மட்டும் முழ உயரத்துக்கு ஒரு மந்திரக்காரப் பெண்ணாக வருகிறார். அவர் அந்தப் பையின் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதுல எத்தனை கிலோ தாங்கும்னு எங்கயும் எழுதலையே, இதை எவன் பாஸ் பண்ணினான்?" என்று கேட்டார். படித்தவர்கள் நால்வருக்குத் தோன்றாதது, கிரீஸ் கையோடு வந்த ஒருவருக்குத் தோன்றியது. நான் அவரை அன்று முதல் மதிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நடுவர் என் மாப்பிள்ளை. பல் டாக்டர். நல்லவர்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் நாள் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருப்பவர்களோடு பழகிப் பழகி, தான் சொன்னதற்கு எதிராளி ஒன்று சொல்வான் என்கிற எண்ணமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. என் ஆள் ஒரு குள்ள வீரன். தாடி, கோடாலி, பதினான்கு உயிர்ப்புள்ளி. அவனை ஏழு ஞாயிறு பாடுபட்டு வளர்த்தேன். ஏழாவது ஞாயிறு ஒரு பெட்டிக்குள் அவனுக்கு ஒரு மேலங்கி கிடைத்தது. அதன் சீட்டில் தாங்கள் அச்சிட்டிருப்பது இது: 'இதை அணிந்தவர்மீது ஒவ்வொரு சண்டையிலும் விழும் முதல் அடி அவரை ஒன்றும் செய்யாது.' படித்தவுடன் எனக்குப் பழைய காலம் திரும்பி வந்தது போல ஆகிவிட்டது. இப்படி ஒரு வாசகத்துக்காகத்தான் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன்.

அடுத்த வாரம் பாலத்தடியில் ஒரு பூதம். கையில் மரத்தைப் பிடுங்கிய மாதிரி ஒரு தடி. வந்ததும் முதல் அடி என் ஆள்மீது. பதினேழு புள்ளி. மேலங்கி தாங்கியது, ஒன்றும் ஆகவில்லை. அதுவரை தகராறு இல்லை. இப்போது நான் என்ன செய்தேன் என்று கவனியுங்கள். என் குள்ளன் கோடாலியை இடுப்பில் செருகினான். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பூதத்திடம் நீட்டினான். என் தாளில் 'ரொட்டி, இரண்டு' என்று முதல் வாரமே எழுதிவைத்திருந்தேன். எல்லோரும் அதைப் பார்த்து அப்போது சிரித்தார்கள். வாங்குமா வாங்காதா என்று மாப்பிள்ளையே என்னைப் பகடை உருட்டச் சொன்னார். பத்தொன்பது விழுந்தது. பூதம் தடியைக் கீழே போட்டது, ரொட்டியை வாங்கியது, என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்றார். எழுதிக்கொண்டேன். ஒரு நிமிஷம் என்பது பத்துச் சுற்று. பத்துச் சுற்று யாரும் யாரையும் அடிக்கவில்லை, முறைக்கவில்லை, ஏன், லிப்ட் மெக்கானிக் எழுந்துபோய்த் தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்தார். பிறகு ரொட்டி தீர்ந்தது. பூதம் வாயைத் துடைத்துக்கொண்டு, தடியை எடுத்து, மறுபடி என் ஆளை அடித்தது. மறுபடி பதினேழு. மாப்பிள்ளை, "அவ்வளவுதான் மாமா, ஆள் போயிட்டார்" என்றார், ஒரு பல்லைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டவர் போல.

போயிட்டாரா? எப்படிப் போவார்? முதல் சண்டை ரொட்டியோடு முடிந்தது. இது இரண்டாவது சண்டை. இரண்டாவது சண்டையில் இது முதல் அடி. மேலங்கி தாங்கியே ஆக வேண்டும். இதை நான் நிதானமாகத்தான் சொன்னேன். என் குரல் உயர்ந்ததாக மகள் பிறகு சொன்னாள். அது அந்த அறையின் அமைப்பு, கண்ணாடி அலமாரி எதிரொலிக்கிறது. மாப்பிள்ளை, நடுவில் மூச்சு விட்டதால் சண்டை முடிந்துவிடாது, இது ஒரே சண்டைதான் என்றார். எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றேன். நடுவர் சொல்வதுதான் என்றார். இதற்குள் லிப்ட் மெக்கானிக் பாவம், என் ஆளின் வாயில் குணமாக்கும் குப்பியை ஊற்றுவதாகச் சொன்னார். அதற்கும் மாப்பிள்ளை விடவில்லை. உயிரோடு இருப்பவர்களே வாயைத் திறப்பதில்லை, செத்தவன் எங்கே திறந்து விழுங்கப்போகிறான் என்று தொழில் அனுபவத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை அறுத்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு மெத்தைக் கிடங்கு எரிந்தது. காலையில் தீ, அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு ஆட்கள் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். மதியம் உள்ளேயிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. கிடங்குக்காரர் இது இரண்டு தீ, இரண்டு விபத்து என்று என் மேசை முன்னால் நின்று மன்றாடினார். நான் எழுதினேன்: 'உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்பு அணைந்ததாகாது. இது ஒரே தீ.' அந்த வாசகத்தை எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். அதை நான் பெருமைக்காக யாரிடமும் சொன்னதில்லை. சந்தர்ப்பம் வந்தபோது சொல்லியிருக்கிறேன். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு பேச வேறு விஷயம் இல்லாதபோது சொன்னேன், பிறகு ஏழெட்டுத் தடவை. அந்த மனிதர் அதை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறார்.

"டீ குடிச்சப்போ தீ அணைஞ்சுபோச்சுன்னு நீங்க ஒத்துக்கலையே மாமா," என்றார். "ரொட்டி தின்னா மட்டும் சண்டை முடிஞ்சுடுமா?"

அந்த நேரம் வாயில் வராத பதில் மறுநாள் பல் தேய்க்கும்போது வந்தது, அதைத் தங்களுக்கு எழுதுகிறேன். நெருப்பு ரொட்டி தின்னாது. நெருப்போடு யாரும் சமாதானம் பேச முடியாது. பூதம் என் கையிலிருந்து வாங்கியது. வாங்கிய நிமிஷத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு சண்டை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அது தடியை எடுத்தது புதிதாக வந்த கெட்ட எண்ணம், பழையதன் மிச்சம் அல்ல. இதை ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். பல் டாக்டருக்குப் புரியவில்லை. புத்தகம் எழுதிய நால்வருக்குத் தோன்றவேயில்லை.

நான் எழுந்தேன். இந்த விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து எழுத்து மூலம் பதில் வரும்வரை இந்த மேசையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். யாராவது தடுப்பார்கள் என்று வாசலில் வார் மாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்தேன். லிப்ட் மெக்கானிக், பார்த்துப் போங்கள், இரண்டாவது மாடியில் லிப்ட் ஒரு விரற்கடை மேலே நிற்கிறது என்றார். மகள் மட்டும் வாசல்வரை வந்தாள்.

"செத்தது குள்ளன்தானேப்பா. நீங்க ஏன் வர மாட்டேங்கறீங்க?"

நான் லிப்டைப் பார்த்து நடந்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு நாள் வேலை செய்கிறாள். போனில் பேசினால் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வைக்கட்டுமா என்று மூன்று கேள்வியில் முடித்துவிடுவாள். ஞாயிறு மதியம் மட்டும்தான் அவள் என்னோடு ஒரே மேசையில் மூன்று மணி நேரம் உட்காருவாள். பகடையில் இருபது விழுந்தால் என் தோளில் தட்டுவாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பூதமும் பாலமும் எனக்குத் துரும்புக்குச் சமம். மூன்று ஞாயிறுகளாக வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். போகலாம் என்றால் வீம்பு விடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஒருவன் எந்த முகத்தோடு தானே போய்க் கதவைத் தட்டுவது? நான் அந்த வீட்டுக்குள் நுழைய இப்போது ஒரே வழி தங்கள் பதில்தான். இதைப் படிக்கும்போது தங்களுக்குச் சிரிப்பு வந்தால் அது தங்கள் வளர்ப்பைக் காட்டுகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பாலத்தடியில் நடந்தது இரண்டு சண்டை, என் குள்ளன் உயிரோடு இருக்கிறான் என்று தங்கள் முத்திரையோடு எழுதி அனுப்ப வேண்டும். கிடைத்த பதினான்கு நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் விதிநூலில் நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் நூற்று ஆறு ஓட்டைகளையும் பக்கவாரியாகத் தங்களுக்கும், அச்சகத்தாருக்கும், காகிதம் கொடுத்தவருக்கும் அனுப்பிவைப்பேன். வழவழா கொழகொழா பதில் வேண்டாம். 'நடுவரைக் கேட்கவும்' என்ற இரண்டு சொற்கள் அதில் எங்காவது தென்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தங்கள் பேனாவில் மை தீராமலும், தங்கள் வீட்டுப் பகடை சோபாவுக்கு அடியில் உருளாமலும், தங்களுக்கு வாய்க்கும் மாப்பிள்ளைகள் வேறு தொழில் செய்பவர்களாகவும் இருக்க மனமார வாழ்த்துகிறேன். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
இறந்ததாகச் சொல்லப்படும் குள்ள வீரனுக்கு உரியவனும்,
ஓய்வு பெற்ற இழப்பீட்டு ஆய்வாளனுமாகிய
தங்கள் வாசகன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். தபால்தலை வாங்க வேண்டும் என்று கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன். என் மனைவி அதை எடுத்து முழுவதும் படித்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் அவள் ஒன்றைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நேற்று ஞாயிறு, சாப்பிட்டதும் புடவை மாற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு மகள் போன் செய்து, அம்மா உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், வந்து கூட்டிப் போங்கள் என்றாள். கூட்டி வரத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. போய்ப் பார்த்தால் இவள் ஒரு திருடியாக விளையாட்டில் நுழைந்து, வந்த வேகத்தில் என் குள்ளனின் உடம்பிலிருந்து மேலங்கியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் பையையும் விடவில்லை. மாப்பிள்ளைக்கோ கன்னம் வீங்கிய ஒரு நோயாளி வந்து காத்திருக்கிறார் என்று மருத்துவமனையிலிருந்து அழைப்பு. எழுந்து, தடுப்பை என் பக்கம் தள்ளி, "புத்தகத்தை முழுசாப் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான் மாமா. இனிமே இங்க நீங்க சொல்றதுதான் விதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பொறுப்பை நம்பிக் கொடுக்கும்போது தட்டக் கூடாது என்பதால் உட்கார்ந்தேன். அதே பாலம், அதே பூதம். முதல் அடி என் மனைவிமீது, மேலங்கி தாங்கியது. உடனே அவள் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினாள். என் தாளில் நான் எழுதிவைத்திருந்த இரண்டில், மிச்சமிருந்த இரண்டாவது ரொட்டி. பகடையில் பதினெட்டு விழுந்தது. பூதம் உட்கார்ந்து தின்றது. தின்றுவிட்டுத் தடியை ஓங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இது இரண்டாவது சண்டை, நெருப்பு ரொட்டி தின்னாது, இது புதிதாக வந்த கெட்ட எண்ணம், பழையதன் மிச்சம் அல்ல என்று மேலே உள்ளதை வரி பிசகாமல் ஒப்பித்தாள். நான் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் பேசிவிட்டது: உள்ளே கனன்றுகொண்டிருந்த கோபம் அணைந்ததாகாது, இது ஒரே சண்டை. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்படிச் சிரிப்பாள். அதற்குப் பிறகு நேற்றுத்தான் பார்த்தேன். என் மனைவி அசையவில்லை. "எழுத்துல பதில் வரட்டும்," என்றாள். "அதுவரைக்கும் நான் சாகல." சொன்னதோடு நிற்காமல் பூதத்தின் முழங்காலில் கத்தியால் குத்தினாள். இடது முழங்கால்.

ஆகவே என் குள்ளன் செத்தவன்தான், முறைப்படி புதைத்தாயிற்று. பாலத்தடியில் நடப்பது எத்தனை ரொட்டி தின்றாலும் ஒரே சண்டைதான் என்று தாங்கள் முத்திரையோடு எழுத வேண்டும். மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம்தான். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் ஒரு காகிதத்தையும் கிழித்ததில்லை, தவிர அவள் எல்லாவற்றையும் நகல் எடுத்து மகளிடம் கொடுத்துவைத்திருக்கிறாள். தங்கள் பதில் வரும்வரை இந்த வழக்கு ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் நடக்கும், எல்லோரும் வந்தாக வேண்டும், முக்கியமாக நடுவர் வந்தாக வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால் பதினான்கு நாள் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். எந்த அவசரமும் இல்லை. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து நன்றாக யோசியுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை.